ஒரு தட்டுச் சிப்பி

கடலைப் பார்க்கணும், சிப்பி பொறுக்கணும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றபோது எங்கள் உம்மா ஹைருன் பீவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "குடி முழுகிட்டிருக்கு, இவளுக்குச் சிப்பி கேக்குது" என்றாள். சொன்னது நியாயம்தான். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் என் மாமா அகமது கபீர் ஜமாஅத்தில் மனுக் கொடுக்கப் போகிறார். நிக்காஹ் முடிந்து ஏழு மாசமாகியும் மாப்பிள்ளை வந்து பெண்ணை அழைத்துப் போகவில்லை, ஆகையால் பிரித்துவிடுங்கள் என்று மனு. அந்தப் பெண் நான்தான். பெயர் ஷரீபுன்னிசா, வயது பத்தொன்பது. நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது, புரட்டாசி மாசம்.

மாப்பிள்ளை முகம்மது மீரான், காயல்பட்டினத்துக்காரர். அவருடைய வாப்பாவும் என் வாப்பாவும் கொழும்பில் ஒரே துணிக்கடையில் பங்காளிகள். பத்து வருஷமாக ஒரே சட்டியில் சோறு தின்கிறவர்கள். 'உன் மகனுக்கு என் மகள்' என்று அங்கேயே பேசி முடித்து, தந்தி அடித்துவிட்டார்கள். நிக்காஹ் மாசி மாசம் தென்காசியில் எங்கள் வீட்டில் நடந்தது. மாமியாருக்குக் காய்ச்சல் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் யாருமே வரவில்லை. ஆண்கள் பத்துப் பேர் வந்தார்கள், பிரியாணி தின்றார்கள், போனார்கள். மாப்பிள்ளை மட்டும் மூன்று நாள் எங்கள் வீட்டில் இருந்தார். நாலாம் நாள், தன் உம்மாவுக்கு எப்படி இருக்கிறதோ என்று பார்க்க ரயில் ஏறினார். போனவர் போனவர்தான்.

அந்த மூன்று நாளில் அவர் என்னிடம் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். அவ்வளவு கூச்சம். மூன்றாம் நாள் மத்தியானம் வெற்றிலையை மடித்துக் கொடுத்தபோது, "நீ கடல் பாத்திருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எங்க கடற்கரையில சோழி கிடக்கும். புள்ளிபுள்ளியா, கோழி முட்டைக்கு எண்ணெய் தடவின கணக்கா. அடுத்தால வரும்போது கொண்டாறேன்" என்றார். அடுத்தால வரும்போது என்றால் என்ன அர்த்தம்? என்னை அழைத்துப் போக வரும்போது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வேறு எதற்கு ஒரு மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வருவார்?

எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் இனிப்போடும் பூவோடும் வந்து பெண்ணைக் கூட்டிப்போக வேண்டும். அவர்கள் வராமல் பெண்ணாகப் போய் நின்றால் 'இவளைத் தள்ளிவிட்டுட்டாங்க' என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். உம்மா என் சாமான்களையெல்லாம் கட்டி, பெரிய தகரப் பெட்டியைப் பூட்டி, நடு வீட்டில் வைத்தாள். சித்திரை போனது. வைகாசி போனது. அந்தப் பெட்டிமேல் உட்காருவேன், எழுந்திருப்பேன், சன்னலுக்குப் போவேன், திரும்பி வந்து மறுபடி உட்காருவேன். இருப்புக் கொள்ளவில்லை. "காலுல வெந்நிய ஊத்திக்கிட்டவ மாதிரி என்னத்துக்குட்டி நடக்க?" என்று உம்மா ஏசுவாள். கடிதம் எழுதலாம்தான். எனக்கு எழுதத் தெரியும். ஆனால் நான் ஏன் எழுதணும்? விட்டுவிட்டுப் போனவர் அல்லவா எழுதணும்?

ஆடி மாசம்தான் வயிற்றெரிச்சலின் உச்சம். சீசனுக்காக மாமியார் வீட்டார் குற்றாலத்தில் வீடு எடுத்துப் பத்து நாள் தங்கியிருக்கிறார்கள் என்று மாமா வந்து சொன்னார். குற்றாலம் எங்கள் வீட்டிலிருந்து மூன்று மைல். ஜட்கா வண்டியில் ஏறினால் அரை மணி நேரம். "மூணு மைலு தூரத்துல வந்து குளிச்சிட்டுப் போறாவ. வீட்டுப் படிய மிதிக்கல பாத்தியா" என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் பக்கத்து வீட்டு சைதூன் மாமியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனேன். குளிக்கத்தான் என்று சொன்னேன். பெண்கள் பக்கத்து அருவியில் உதடு நீலம் பாரித்துப் போகிற வரைக்கும் நின்றேன். மாமியார் முகம் எனக்குத் தெரியாது. எவள் காயல்பட்டினப் பேச்சுப் பேசினாலும் அவளை உற்றுப் பார்த்தேன். திரும்புகிற வழியில் பஜாரில் போகிற வருகிற ஆண்கள் முகத்தையெல்லாம் துப்பட்டிக்குள் இருந்து பார்த்தேன். அவர் இல்லை. தும்மிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு நல்ல காய்ச்சல். சாரல் அடித்துக்கொண்டிருந்தது, தெருவில் ஈ காக்கை இல்லை. எதிர் வீட்டுச் சின்னப்பெண் மாடத்தி மட்டும் தன் கூட்டாளிப் பெண்களோடு எங்கள் சன்னலுக்குக் கீழே உட்கார்ந்து சோழி உருட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பம் எங்கள் தெருவுக்குக் குடிவந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. கலகலவென்று உருட்டுவதும், கூச்சல் போடுவதும், சண்டை பிடிப்பதும். "ஏது இத்தன சோழி?" என்று உம்மா கேட்டதற்கு, ஒரு மாமா கொடுத்தார் என்றாள். சீசனுக்கு வந்த கூட்டத்தில் எவனோ ஒரு மாமா. மறுநாள் மத்தியானம் எனக்குப் பொறுக்கமுடியவில்லை. சன்னல் கதவைப் படாரென்று தள்ளி, எட்டிக்கூடப் பார்க்காமல், "போங்கட்டி இங்கேருந்து! இனிமே இந்தத் தெருவுல சோழிச் சத்தம் கேட்டுது, காலை ஒடிச்சிருவேன்!" என்று கத்தினேன். ஓடிப்போனார்கள். தெரு அமைதியானது. அந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது.

ஆகவே புரட்டாசியில், சைதூன் மாமி காயல்பட்டினத்து தர்காவில் நடக்கிற கந்தூரி விழாவுக்குப் போகிறாள் என்று கேட்டதும் நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு சீசனுக்கும் அவள் தம்பியின் குற்றாலத்து வீட்டை வாடகைக்கு எடுக்கிற ஒரு காயல் குடும்பம் அவளை அழைத்திருந்தது. செவ்வாய் போய், வியாழன் திரும்பணும். வெள்ளிக்கிழமை மனு. அதற்குள் ஒரே ஒரு தடவை அந்த மனிதரை நேரில் பார்த்து, 'நான் என்ன குறைந்து போனேன்?' என்று கேட்டுவிட வேண்டும். கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். இதை உம்மாவிடம் சொல்ல முடியுமா? கடல், சிப்பி என்று பிடிவாதம் பிடித்தேன். மூன்று வேளை சாப்பிடவில்லை. உம்மா இறங்கி வந்தாள்.

"கடலப் பாரு, சிப்பியப் பொறுக்கு, நேரா வீடு வந்து சேரு. அவங்க தெருப் பக்கம் கால வச்சியோ, உனக்கு நான் உம்மா இல்ல." பிறகு சைதூன் மாமியிடம், "இவ யாருன்னு அங்கன வாயத் திறந்துராதிய. மானக்கேடு" என்றாள்.

தென்காசியிலிருந்து திருநெல்வேலி, அங்கே ரயில் மாறி காயல்பட்டினம். வழியெல்லாம் சைதூன் மாமி தூங்கினாள். நான் ஒரு ஸ்டேஷன் விடாமல் எழுந்து நின்றேன்.

போய் இறங்கிய வீடு பெரிய வீடு. அந்த வீட்டில் மூன்று பெண்கள். கடைசிப் பெண் ஜாஹிரா பீவிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது, வாயாடி. பொழுது சாய்ந்து மஹ்ரிப் தொழுகை முடிந்ததும் ஆண்கள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கால் கழுவினார்கள். ஆளுக்கொரு அறைக்குள் போனார்கள். யார் என்று கேட்டேன். மூன்று மருமகன்மார் என்றார்கள். விருந்துக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் மூன்று பேர் சட்டையும் கொடியில் காய்கிறது. மூன்று பேருமே இங்கேயேதான் குடியிருக்கிறார்கள்! எங்கள் ஊரில் வீட்டோட மாப்பிள்ளை என்றால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். மாமியார் கையால் மூன்று வேளை தின்றுகொண்டு, தலை நிமிர்ந்து தெருவில் நடக்க இவர்களுக்கு எப்படி முடிகிறது? 'என்ன ஊரோ, ஆம்பிளைகளுக்கு ரோஷமே கிடையாது போல' என்று சைதூன் மாமியின் காதில் சொன்னேன். "உனக்கு என்னட்டி வந்துது, சிப்பியப் பாரு" என்றாள் மாமி.

புதன்கிழமை, சுபுஹ் தொழுதுவிட்டு ஜாஹிரா எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். பெண்கள் அந்த நேரத்தில்தான் போவார்கள். வெயில் ஏறி ஆண்கள் நடமாட ஆரம்பிப்பதற்குள் திரும்பிவிடுவார்கள்.

கடலைப் பற்றி என்ன சொல்ல? அருவி ஒரு இடத்தில் விழுகிறது, போகிறது. இது போவதும் இல்லை, இருப்பதும் இல்லை. வருகிறது, திரும்புகிறது, மறுபடி வருகிறது. ஏழு மாசமாக நான் வீட்டுக்குள் நடந்த நடை மாதிரியே இருந்தது. பார்க்கப் பிடிக்காமல் குனிந்துகொண்டேன். குனிந்ததும் சிப்பி. வெள்ளைச் சிப்பி, விசிறி மாதிரிச் சிப்பி, ஊதா வரி போட்ட கிளிஞ்சல், ஊசி மாதிரி நீண்ட சங்கு. கை சும்மா இருக்கவில்லை. நல்லது, உடைந்தது என்று பார்க்காமல் அள்ளி அள்ளி முந்தானையில் போட்டேன். நடுநடுவே நிமிர்ந்து ஊர்ப் பக்கம் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகச் சுவர்கள். அதில் எந்தச் சுவருக்குப் பின்னால் அந்த மனிதர் இருக்கிறார்?

"ஈரத்துல எல்லாம் அழகாத்தான் இருக்கும் லாத்தா. வூட்டுல போய்க் காய வச்சா பாதியத் தூக்கி எறிஞ்சிருவீங்க" என்று ஜாஹிரா சிரித்தாள். அந்த ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். அவள் நாலு எட்டுக்கு ஒரு தடவைதான் குனிந்தாள். குனிந்தால் சோழி. பழுப்பு நிறம், கறுப்புப் புள்ளி, எண்ணெய் தடவின பளபளப்பு. ஆடியில் மாடத்தி உருட்டியது இந்தச் சாதிதான். குற்றாலத்து சீசன் கடையில் இதைக்கூடவா விற்கிறார்கள் என்று நினைத்தேன்.

சைதூன் மாமி காலை நனைக்கத் தண்ணீர்ப் பக்கம் போன நேரம் பார்த்து, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "தென்காசியில பொண்ணு எடுத்தவங்க யாரோ இந்த ஊருல இருக்காங்களாமே?"

"மீரான் காக்காவைச் சொல்லுறீங்களா?" ஜாஹிரா உடனே உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கதையைச் சொல்ல எவள் கிடைப்பாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. "அத ஏன் கேக்கிறீங்க. எங்க தெருவுக்குப் பின் தெருதான். பாவப்பட்ட மனுசன். நிக்காஹ் முடிஞ்சு ஏழு மாசமாச்சு, பொண்ணு வூட்டுக்காரங்க இன்னும் மாப்புளை அழைக்க வரல. மூணு நாள் வச்சிருந்துட்டு அனுப்பிட்டாங்க. வயசுப் பையன் உம்மா வூட்டுலயே குந்திக்கிட்டு இருக்காரு. ஊரே சிரிக்குது. கூடப் படிச்சவங்களெல்லாம் 'என்னப்பா, பொண்டாட்டி வூட்டுல அறை காலி இல்லையா'ன்னு கேலி பண்ணுறாங்க. அவருக்கு என்ன குறைச்சல்? அந்தப் பொண்ணு பெரிய திமிரு பிடிச்சவளாம்."

எனக்குக் காதிலிருந்து புகை வந்தது. "யாரு சொன்னா?" என்று கத்தியேவிட்டேன். "அவருல்லா வந்து கூட்டிட்டுப் போவணும்! பொண்ணு அவளா மூட்டையக் கட்டிட்டு வருவாளா?"

"பொண்ணு எதுக்கு லாத்தா வரணும்?" ஜாஹிரா நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "மாப்புளைதானே பொண்ணு வூட்டுக்குப் போகணும்? அவங்க வந்து அழைச்சாத்தானே போக முடியும்? கூப்பிடாத வூட்டுக்குப் போய் நின்னா அது மாப்புளையா, பிச்சைக்காரனா? எங்க மூணு பேரு மாப்புளைங்களையும் எங்க வாப்பா தட்டு எடுத்துப் போய், சீனி கொடுத்துத்தானே அழைச்சிட்டு வந்தாங்க."

கொடியில் காய்ந்த மூன்று சட்டை எனக்கு நினைவு வந்தது.

அப்படியே மணலில் உட்கார்ந்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நாங்கள் அங்கே பெட்டியைப் பூட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் இங்கே மாப்பிள்ளைக்குச் சட்டை தைத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கிறார்கள். ரெண்டு வாப்பாமாரும் கொழும்பில் ஒரே கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, ரெண்டு மாசமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று போன மாசம் என் வாப்பா எழுதியதும் இதனால்தான். பத்து வருஷம் ஒரே சட்டியில் சோறு தின்றவர்களுக்கு, எந்த ஊரில் யார் யார் வீட்டில் குடியிருப்பார்கள் என்று ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லை. அது பொம்பளைங்க சமாச்சாரமாம். பொம்பளைங்களோ ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததே இல்லை.

"அந்தத் திமிரு பிடிச்சவ நான்தான்" என்றேன்.

ஜாஹிரா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "யா அல்லாஹ், வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். சைதூன் மாமி பின்னாலிருந்து, "ஏட்டி ஷரீபு! எங்கட்டி ஓடுத? உங்கும்மா என்னையக் கொன்னுருவா!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நிற்கவில்லை. அந்த ஊரில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கிற முடுக்குகள் உண்டு. ஒன்றில் நுழைந்து ஒன்றில் திரும்பி, ஒரு கொல்லைப்புறக் கதவைத் தள்ளினாள் ஜாஹிரா. முந்தானையில் சிப்பி கலகலக்க நான் உள்ளே போய் நின்றேன்.

அடுப்படியில் ஒரு பெண்மணி கருவாடு கழுவிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, மாப்பிள்ளையைப் போலவே நீண்ட மூக்கு. ஜாஹிரா மூச்சு வாங்க, நான் யார் என்று சொன்னாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"பொண்ணு எங்கயாவது மாமியா வூட்டுக்கு வருமா?" என்றார். "யாரு கூட வந்தே? உங்க உம்மா எங்கே?"

"மாப்பிள்ளை அழைக்க வந்திருக்கேன் மாமி."

"ஒத்தையாவா? கொல்லை வாசல் வழியாவா?" கையிலிருந்த கருவாட்டைச் சட்டியில் போட்டார். "குற்றாலத்துல பத்து நாளு இருந்தோம். மூணு மைலு. ஒரு ஆளு அனுப்பி ஒரு வார்த்தை கேட்டீங்களா? எம் மவன் என்ன அநாதையா?"

"எங்க உம்மாவும் அதே மூணு மைலத்தான் சொல்லி அழுதா மாமி. எங்க ஊருல நீங்கதான் வந்து என்னையக் கூட்டிட்டு வரணும். நீங்க வருவீயன்னு பெட்டியக் கட்டி வச்சிக்கிட்டு இருந்தோம். இங்கன வழக்கம் வேறன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். கடற்கரையில, இவ சொல்லி."

அவர் ஜாஹிராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கருவாட்டுச் சட்டியைத் தள்ளிவைத்தார். பிறகு, பிடி விடாமல், "அழைக்க வந்தவங்க தட்டு கொண்டாருவாங்க. சீனி கொண்டாருவாங்க. உங் கையில என்ன இருக்கு?" என்று கேட்டார்.

சுவரில் சாத்தி வைத்திருந்த தாம்பாளம் ஒன்றை எடுத்தேன். முந்தானையை அவிழ்த்துக் கொட்டினேன். சிப்பியும் மணலும் கடல் தண்ணீருமாகத் தட்டு நிறைந்தது. பாதிக்கு மேல் உடைந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து அவர் முன்னால் நீட்டினேன். இதற்கும் அவர் முகத்தைத் திருப்பினால் வெள்ளிக்கிழமை மனுதான். எனக்கு வேறு வழி தெரியாது.

மாமி தட்டை வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. "ஒடஞ்ச சிப்பிய வச்சு மாப்புளை அழைச்ச குடும்பம் துனியாவுல உங்க குடும்பம் ஒண்ணுதான்" என்றார். உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது.

நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். எனக்குத் தெரிந்த இருமல். "எந்த ரயிலு?" என்று கேட்டது குரல்.

"நாளைக்குக் காலம்பற" என்றேன், கதவைப் பார்த்து. கேட்க வேண்டும் என்று ஏழு மாசம் சேர்த்து வைத்த கேள்வி ஒன்றும் வாயில் வரவில்லை. மாமி தட்டைக் கையில் வாங்கி, ஒரு பிடிச் சிப்பியை எடுத்துவைத்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டதற்கு அதுதான் அடையாளம் என்று ஜாஹிரா சொன்னாள். ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. 'எந்த ரயிலு' என்று கேட்டவர் ரயிலில் ஏறுவேன் என்று சொல்லவில்லையே.

வியாழக்கிழமை காலை ஸ்டேஷனில் அவரைக் காணவில்லை. ரயில் நகர்ந்தது. சைதூன் மாமி துஆ ஓதினாள். நான் சிப்பி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து உடைந்ததைச் சன்னல் வழியே எறிந்துகொண்டே வந்தேன். திருநெல்வேலியில் ரயில் மாற இறங்கினால், ஆண்கள் பெட்டியிலிருந்து ஒரு தகரப் பெட்டியும் அதற்குப் பின்னால் அவரும் இறங்கினார்கள். என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு, கையிலிருந்த உடைந்த சிப்பியைக்கூட எறிய மனசில்லை.

தென்காசியில் இறங்கும்போது மாலை வெயில். நாங்கள் முன்னால் நடந்தோம், அவர் பத்தடி தள்ளிப் பெட்டியோடு நடந்தார். எங்கள் தெரு முக்கில் ஒரு பூட்டிய எண்ணெய்க்கடை உண்டு. அதன் படிக்கு வந்ததும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றார். "வாங்க" என்று மெதுவாகச் சொன்னேன். "நீ அங்க அழைச்சே, வந்துட்டேன். இந்த வூட்டுக்காரங்க கூப்பிட்டாத்தான் இனி நடப்பேன்" என்றார். சாது மிரண்டால் அப்படித்தான்.

வாசலில் உம்மாவும் மாமாவும் நின்றார்கள். சைதூன் மாமி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மாமாவின் சட்டைப் பையில் நாளைக்குக் கொடுக்க எழுதிய மனு நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப அவரு இங்கனயே இருக்கப் போறாரா? வீட்டோட மாப்பிள்ளையா?" என்றார் மாமா. "நம்ம தெருவுல அப்படி ஒருத்தன் உண்டா? நான் பள்ளிவாசலுக்குப் போவ வேண்டாமா?"

உம்மா அழுதாள். "வழக்கம் தெரியாமப் போச்சு, சரி. ஆனா ஏழு மாசத்துல ஒரு தரமாவது வந்து பாத்தாரா? அங்கன இருந்தவருக்கு எம் மவ நெனப்பே இல்லையே. அப்படிப்பட்டவர நான் எந்த மொகத்தோட உள்ள கூப்பிடுவேன்?"

அந்தக் கேள்வி என் கேள்வியும்தானே. தெரு முக்கில் அவர் தனியாக நின்றார். சன்னல்கள் திறந்தன. இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுவார். ரெண்டு ஊரும் சேர்ந்து சிரிக்கும்.

அப்போதுதான் எதிர் வீட்டிலிருந்து மாடத்தி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "ஏ, சோழி மாமா! சோழி மாமா வந்துட்டாரு!"

நாங்கள் எல்லாரும் திரும்பினோம். மாடத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவர் அவளைச் சும்மா இருக்கச் சொல்லி ஜாடை காட்டினார். அவள் சும்மா இருக்கிற பிள்ளையா?

"இங்கன வாட்டி" என்றாள் உம்மா. "இவர உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆடியில வந்தாருல்லா ஆச்சி. மூணு நாளும் மத்தியானம் மத்தியானம் வந்தாரு. அந்தப் படியிலதான் சாரல்ல நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பை நெறைய சோழி. மொத நாளு ஷரீபு அக்கா எங்கன்னு கேட்டாரு, குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிருக்கான்னு சொன்னோம். அந்த வீட்டுல யாராவது என்னையத் தேடுதாவளான்னு கேட்டாரு. தெரியாதுன்னோம். கூப்பிடுவாவன்னு உக்காந்திருந்தாரு." மாடத்தி என் பக்கம் திரும்பினாள். "மூணாம் நாளு நீங்க சத்தம் போட்டீயல்லாக்கா, போங்கட்டி, காலை ஒடிச்சிருவேன்னு. உள்ள யாருன்னு கேட்டாரு. ஷரீபு அக்கான்னோம். பொறவு சோழி எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கிடுங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

நான் அருவிக்கடியில் நின்று அவர் முகத்தைத் தேடிய அன்று, அவர் என் வீட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டு நனைந்திருக்கிறார். கொண்டுவருகிறேன் என்று சொன்னதைக் கொண்டுவந்திருக்கிறார். மூன்று நாள் காத்திருந்தவருக்கு இந்த வீட்டிலிருந்து கிடைத்த ஒரே வார்த்தை, நான் போட்ட அந்தச் சத்தம். நேற்றும் இன்றும் அவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அவர்மேல் கோபம் வந்தது; வாய் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? கோபத்தோடு கண்ணீரும் வந்தது.

உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாமா சட்டைப் பையிலிருந்த மனுவை உள்ளே தள்ளினார். நான் இருவரையும் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். பூட்டிக் கிடந்த பெட்டியைத் தாண்டிச் சன்னலுக்குப் போனேன். ஆடியில் தள்ளிய அதே கதவைப் படாரென்று தள்ளினேன். இந்தத் தடவை எட்டிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்தார்.

"மச்சான், உள்ள வாங்க!" என்று கத்தினேன்.

"மெதுவாட்டி, நாலு தெருவுக்குக் கேக்குது" என்றாள் உம்மா, வாசலிலிருந்து.

நான் இன்னொரு தடவை கூப்பிட்டேன்.